தொற்றுத் தடுப்பும் அடிப்படை நோயாளி பராமரிப்பும்: செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

நோயாளியைக் குளிப்பாட்டுவது, வாயைச் சுத்தம் செய்வது, படுக்கை மாற்றுவது, கட்டிலில் தொங்கும் சிறுநீர்ச் சேகரிப்புப் பையைக் காலி செய்வது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை ஒரு பாடமாகவும், தொற்றுத் தடுப்பு வேறொரு பாடமாகவும் செவிலியப் படிப்பில் கற்பிக்கப்படுகின்றன. வார்டுக்குள் நுழைந்த பிறகு அவை இரண்டும் ஒரே வேலைதான். கிருமிகள் ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் போவது பெரும்பாலும் அரிய விபத்துகளால் அல்ல; ஒவ்வொரு ஷிப்டிலும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் சாதாரணப் பணிகளுக்கு நடுவே, பராமரிப்பவரின் கைகள் வழியாகத்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கேள்வியையே பின்தொடர்கிறது: இந்தச் செயலில் எதை முதலில் தொட வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும், நடுவில் எந்த இடத்தில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்? அந்த வரிசை குலையும் இடத்தில்தான் தொற்று உள்ளே நுழைகிறது.

முதலில் தொற்றின் பாதையை அறிந்துகொள்ளுங்கள்

தொற்று ஒருவரை அடைய ஆறு கண்ணிகள் தேவைப்படுகின்றன. நோயை உண்டாக்கும் கிருமி, அது தங்கியிருக்கும் இடம், அங்கிருந்து அது வெளியேறும் வழி, பரவும் முறை, அடுத்தவர் உடலுக்குள் நுழையும் வழி, எதிர்ப்பாற்றல் குன்றிய உடல் ஆகியவையே அவை. இவற்றில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் பரவல் நின்றுவிடும். கிருமியின் வீரியத்தையோ நோயாளியின் வயதையோ செவிலியரால் மாற்ற முடியாது. ஆனால் பரவும் முறையும் நுழைவு வழியும் ஏறத்தாழ முழுவதும் அவர் கையில்தான் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நோயாளியின் சிறுநீர்ப் பையைக் காலி செய்த செவிலியர், அடுத்த படுக்கையில் டிரிப் நின்றுபோனதைக் கவனித்து, அதே கையுறையுடன் குழாயின் இணைப்பைத் திருகிச் சரிசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நோயாளியின் சிறுநீரில் இருந்த பாக்டீரியா இப்போது இரண்டாம் நோயாளியின் இரத்த நாளத்துக்குச் செல்லும் வாசலில் நிற்கிறது. இந்தச் சில விநாடிச் செயலில் அக்கறையின்மை எதுவும் இல்லை. நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற அவசரம்தான் இருக்கிறது. அதனால்தான் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், செய்முறையின் வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கை சுத்தம்: எப்போது, எப்படி

1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அவ்வாண்டு ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மாரின் இறப்பு விகிதம், அடுத்த சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமிக் கோட்பாடு நிலைபெறாத காலம் அது. காரணத்தை முழுமையாக விளக்க அவரால் இயலவில்லை. ஆனால் பலன் கண்ணெதிரே இருந்தது. இன்றும் தொற்றுத் தடுப்பில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பயன் மிகுந்த செயல் வேறில்லை.

எப்போது கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி போடுதல், கட்டு மாற்றுதல் போன்ற கிருமியற்ற செயலைத் தொடங்குவதற்கு முன். இரத்தம், சிறுநீர், சளி, மலம் முதலிய உடல் திரவங்கள் பட வாய்ப்பிருந்த செயலுக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். நோயாளியைத் தொடாவிட்டாலும் அவரது கட்டில், மேசை, டிரிப் ஸ்டாண்ட் ஆகியவற்றைத் தொட்ட பின். இவற்றில் முதல் இரண்டும் நோயாளியைக் காப்பவை. மற்ற மூன்றும் செவிலியரையும் சுற்றுச்சூழலையும் காப்பவை. தன் கை அழுக்கானது என்று உணரும்போது எவரும் கழுவிக்கொள்வார்கள். ஆகவே பின் வரும் தருணங்கள் தாமாகவே நினைவுக்கு வருகின்றன. முன் வரும் இரண்டும்தான் எளிதில் தவறிப்போகின்றன. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கையோடு கேனுலாவை (இரத்த நாளத்தில் செருகிய நுண்குழாயை) தொடும் அந்தக் கணத்தில்தான் உங்கள் கவனம் மிகவும் தேவைப்படுகிறது.

கையில் அழுக்கோ உடல் திரவமோ கண்ணுக்குத் தெரியாத நிலையில் ஆல்கஹால் கலந்த கைத் தேய்ப்பானே முதல் தேர்வு. இரு கைகளின் எல்லாப் பரப்பும் நனையும் அளவுக்கு உள்ளங்கையில் எடுத்து, 20 முதல் 30 விநாடி வரை, தானாக உலரும்வரை தேய்க்க வேண்டும். உலருமுன் துணியில் துடைத்துவிட்டால் அதன் செயல் பாதியில் நின்றுவிடுகிறது. அழுக்கு தெரியும்போதும், கழிப்பறையைப் பயன்படுத்திய பின்பும், வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைப் பராமரித்த பின்பும் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். நனைப்பதிலிருந்து உலர்த்துவது வரை இதற்கு 40 முதல் 60 விநாடி ஆகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் வித்துகளை (கடின உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்களை) ஆல்கஹால் அழிப்பதில்லை. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால்தான் அவை கையை விட்டு நீங்கும்.

தேய்க்கும் முறைக்கும் வரிசை உண்டு. உள்ளங்கையோடு உள்ளங்கை, பிறகு ஒரு கையின் உள்ளங்கையால் மற்றக் கையின் புறங்கையும் விரலிடுக்குகளும், பிறகு விரல்களைக் கோத்து உள்ளிடுக்குகள், விரல்களை மடக்கி எதிர் உள்ளங்கையில் விரல்களின் பின்புறம், கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றுதல், கடைசியாக விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தல். கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் அதிகம் விடுபடுகின்றன; நோயாளியை முதலில் தொடுவதும் அவையே. நகங்கள் அரை சென்டிமீட்டருக்குள் வெட்டப்பட்டிருக்க வேண்டும்; செயற்கை நகங்கள் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பணியின்போது கழற்றிவைத்து, முழங்கைக்குக் கீழ் எதுவும் இல்லாமல் வேலை செய்வதே பாதுகாப்பானது.

கையுறையும் பிற தற்காப்பு உடைகளும்

கையுறை கை சுத்தத்துக்கு மாற்று அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டலாம். ஆகவே அணிவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கை சுத்தம் செய்தே தீர வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு கையுறை என்பதோடு நின்றுவிடாமல், ஒரே நோயாளியிடமும் மலம் துடைத்த கையுறையோடு வாய் சுத்தத்துக்கோ கேனுலாவுக்கோ போகாமல் மாற்ற வேண்டும். என் கருத்தில், காலை முதல் ஒரே கையுறையுடன் வார்டைச் சுற்றி வருவதைவிட வெறுங்கையோடு இருப்பது மேல். வெறுங்கை தன் அழுக்கை உணர்த்தும், கையுறை அதை மறைத்துவிடும். நாடி பார்ப்பதற்கும் இரத்த அழுத்தம் அளப்பதற்கும் கையுறை தேவையே இல்லை. இரத்தம், உடல் திரவம், காயம்பட்ட தோல், சளிச்சவ்வு ஆகியவற்றைத் தொட நேரும் என்றால் தேவை.

முழு உடை அணியும்போது முதலில் மேலங்கி, பிறகு முகக்கவசம், பிறகு கண்ணாடி அல்லது முகத்தடுப்பு, கடைசியாக மேலங்கியின் மணிக்கட்டுப் பகுதியை மூடுமாறு கையுறை. கழற்றும் வரிசை வேறு: மிகவும் மாசுபட்ட கையுறை முதலில், பிறகு பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கண்ணாடி, பிறகு உட்புறம் வெளியே வருமாறு சுருட்டி மேலங்கி, அறையை விட்டு வெளியே வந்த பிறகு முகக்கவசம். முகக்கவசத்தின் முன்பகுதியைத் தொடாமல் நாடாவை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். இடையில் கை மாசுபட்டதாகத் தோன்றினால் உடனே சுத்தம் செய்துகொண்டு அடுத்த படிக்குப் போகலாம். எல்லாம் முடிந்ததும் கட்டாயம் செய்ய வேண்டும். உடை அணிவதைவிடக் கழற்றும்போதுதான் தன்னையே மாசுபடுத்திக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால், பணி முடிந்த களைப்பிலும் இந்தப் படிகளை அவசரமின்றிச் செய்யுங்கள்.

நோய்க்கேற்ற கூடுதல் தடுப்பு

மேலே சொன்னவை எல்லா நோயாளிகளுக்கும், நோய் எதுவென்று தெரியாத நிலையிலும் பொருந்தும். சில நோய்களுக்கு அவற்றோடு கூடுதல் தடுப்பு வேண்டும். தொடுதலால் பரவும் தொற்றுகளுக்கு, அதாவது மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா, வயிற்றுப்போக்கு, சொறி போன்றவற்றுக்கு, தனி அறை, கையுறை, மேலங்கி, அந்த நோயாளிக்கென்றே ஸ்டெதஸ்கோப்பும் இரத்த அழுத்தக் கருவியும் ஒதுக்கப்பட வேண்டும். இன்ஃப்ளுயன்சா, கக்குவான் இருமல் போன்று இருமல் தும்மல் துளிகளால் பரவுபவற்றுக்குச் சாதாரண மருத்துவ முகக்கவசமும், படுக்கைகளுக்கிடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியும் தேவை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் மிதக்கும் நுண்துகள்களால் பரவுகின்றன. இங்கே சாதாரண முகக்கவசம் போதாது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் என்95 கவசத்தை, விளிம்பில் காற்றுக் கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்து அணிய வேண்டும். அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். காற்று வெளியேற்றும் அமைப்பு இல்லாத இடத்தில் வெளிப்புற ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

தனிமைப்படுத்தப்பட்ட நோயாளியிடம் போகும் தடவைகள் இயல்பாகவே குறைந்துவிடும். உடை மாற்றும் சிரமம் அப்படி. அதனால் அவருக்குத் தண்ணீர், பேச்சு, திருப்பிப் படுக்கவைத்தல் எல்லாமே குறைந்துவிடக் கூடாது. உள்ளே போகுமுன் தேவையானவற்றை முன்கூட்டியே எண்ணிப்பார்த்து, பல வேலைகளை ஒரே நுழைவில் முடிக்கத் திட்டமிடுங்கள். ஏன் தனி அறை, எத்தனை நாளைக்கு என்பதை அவரிடமும் குடும்பத்தாரிடமும் எளிய சொற்களில் விளக்குங்கள்.

அடிப்படை அளவீடுகள்

பெரியவர் ஒருவரின் ஓய்வுநிலை அளவுகள் பொதுவாக இவை: உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20, இரத்த ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல், இரத்த அழுத்தம் 120/80 அல்லது அதற்குச் சற்றுக் கீழ். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் இலக்கு வேறாக இருக்கும். மருத்துவரின் குறிப்பைப் பாருங்கள்.

மூச்சை எண்ணுவதில்தான் அலட்சியம் அதிகம். நாடியைப் பிடித்துக்கொண்டே, மூச்சை எண்ணுவதாகச் சொல்லாமல், மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணப்படுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். பார்க்காமலே 18 அல்லது 20 என்று எழுதிவைப்பது நோயாளிக்குச் செய்யும் பெருந்தீங்கு, ஏனெனில் உடல்நிலை சரியத் தொடங்கும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கைதான். இரத்த அழுத்தத்துக்கு நோயாளி ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, பேசாமல், கை இதய மட்டத்தில் இருக்குமாறு அமர வேண்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் கட்டினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகுமுன் வெப்பமானி, ஆக்சிஜன் மானியின் விரல் கவ்வி, ஸ்டெதஸ்கோப்பின் வட்டு ஆகியவற்றைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும்.

படுக்கையில் குளியல், வாய்ப் பராமரிப்பு, நிலை மாற்றம்

எழுந்திருக்க இயலாத நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டும் அரை மணி நேரம், அவரது தோல் முழுவதையும் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அதை வெறும் துடைப்பு வேலையாகக் கருதிவிடக் கூடாது. முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லி இசைவு பெறுங்கள். அவர் மயக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். திரையை இழுத்து, காற்று வீச்சைத் தடுத்து, தேவையான துணி, சோப்பு, மாற்றுடை, விரிப்பு எல்லாவற்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எதையோ எடுக்க ஓடும்போதுதான் ஈரக் கையுறையோடு கதவும் அலமாரியும் தொடப்படுகின்றன. நீர் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நோயாளியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூடிவைப்பது குளிரிலிருந்தும் கூச்சத்திலிருந்தும் அவரைக் காக்கும்.

சுத்தமான பகுதியிலிருந்து அழுக்கான பகுதிக்கு என்பதே வரிசை. கண்களைச் சோப்பில்லாமல், மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு முனையால் துடையுங்கள். பிறகு முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு. கை கால்களை நுனியிலிருந்து உடலை நோக்கி மென்மையாகத் துடைக்க வேண்டும். இரத்தம் உறைந்திருக்கும் ஐயமுள்ள காலைத் தேய்க்கக் கூடாது. மார்பின் கீழ், அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகிய மடிப்புகளை ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் தங்கும் மடிப்பில் பூஞ்சைத் தொற்று வரும்.

அந்தரங்கப் பகுதி கடைசி. அதற்குமுன் நீரையும் துணியையும் கையுறையையும் மாற்றியே ஆக வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டும், ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் சுத்தமான பகுதியால் துடைக்க வேண்டும். மலவாயிலிலிருந்து முன்னோக்கி வரும் ஓர் இழுப்பே சிறுநீர்த் தொற்றுக்குப் போதும். ஆண்களுக்கு நுனியிலிருந்து வெளிவட்டமாகத் துடைத்து, பின்தள்ளிய முன்தோலை மறவாமல் பழைய நிலைக்கு இழுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது இறுகி வீங்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குளியல் முடிந்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவிக் கிருமி நீக்கி, கவிழ்த்து உலரவிடுங்கள். அதற்குள் துணியும் சோப்பும் திணித்துக் கட்டிலடியில் தள்ளிவைத்தால் அந்தப் பாத்திரமே கிருமிகளின் உறைவிடமாகிவிடும்.

வாய்ப் பராமரிப்பு பல் அழகுக்கான வேலை அன்று. வாயில் பெருகும் பாக்டீரியா உமிழ்நீரோடு மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். நினைவுள்ளவர்களுக்கு நாளில் இரண்டு முறையாவது மென்தூரிகையால் பல் துலக்க உதவுங்கள். செயற்கைப் பற்களை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வையுங்கள். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உறிஞ்சும் கருவியை இயங்கும் நிலையில் வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த நீரால் துடைக்க வேண்டும். அவர் வாய்க்குள் விரலை நுழைக்கக் கூடாது. உணவூட்டும்போது நேராக உட்காரவைத்து, சிறு சிறு கவளமாக, விழுங்கியதைப் பார்த்த பின் அடுத்ததைக் கொடுங்கள். இருமலோ, குரல் ஈரமாகக் கரகரப்பதோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். சாப்பிட்ட பின் 30 நிமிடமாவது படுக்கவிடாதீர்கள். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் தலைப்பக்கத்தை, மருத்துவத் தடை ஏதுமில்லை எனில், 30 முதல் 45 டிகிரி உயர்த்தியே வைக்க வேண்டும்.

படுக்கைப் புண் தொடங்கும் இடங்கள் பின்னிடுப்பு எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கங்கள், முழங்கை, பின்தலை. ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காதுமடலின் பின்புறத்தையும் மறந்துவிடாதீர்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமலே சிவப்பு நிலைத்தால் அதுவே முதல் நிலைப் புண். கருமையான தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைத் தொட்டுணர்ந்து அறிய வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடக் கூடாது, நசுங்கிய திசு மேலும் சிதையும். வளைய வடிவ மெத்தையும் வேண்டாம், அது விளிம்பில் அழுத்தி நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நோயாளியின் நிலையைப் பொறுத்து இன்னும் அடிக்கடியோ சற்று இடைவெளி விட்டோ, நிலையை மாற்றுங்கள். முழுப் பக்கவாட்டில் கிடத்தாமல் 30 டிகிரி சாய்வில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தாங்கல் வையுங்கள். இழுத்து நகர்த்தாமல், அடிவிரிப்பைப் பிடித்து இருவராகத் தூக்கி நகர்த்துங்கள்.

விரிப்பு மாற்றும்போது உதறாதீர்கள். மாசுபட்ட பக்கம் உள்ளே வருமாறு சுருட்டி, சீருடையில் படாமல் பிடித்து, கட்டிலருகிலேயே பையில் இடுங்கள். தரையில் போடக் கூடாது.

கதீட்டரும் கேனுலாவும்

உடலுக்குள் செருகிய ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு நாம் திறந்துவைத்த வாசல். ஆகவே ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது இன்னும் தேவையா என்பதுதான். கதீட்டர் (மூத்திரப்பைக்குள் செருகிய குழாய்) இருக்கும் நாள்கள் கூடக் கூடச் சிறுநீர்த் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. எழுந்து நடக்கத் தொடங்கிய நோயாளியின் கதீட்டர் யாரும் நினைவுபடுத்தாத ஒரே காரணத்தால் தங்கிவிடுவதுண்டு. மருத்துவர் சுற்றின்போது அதைக் கேட்பது செவிலியரின் உரிமையும் கடமையுமாகும்.

கதீட்டர் உள்ளவரை சிறுநீர்ப் பை எப்போதும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லும்போது பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது பரவலான தவறு; தேங்கிய சிறுநீர் பின்னோக்கிப் பாயும். பை மூன்றில் இரண்டு பங்கு நிறையும்போதே காலி செய்யுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அளவுக் குவளை, வடிகுழாயின் நுனி குவளையில் படாமல். குழாயையும் பையையும் பிரிக்கக் கூடாது. மாதிரி எடுக்க அதற்கென உள்ள பகுதியைத் துடைத்து ஊசிக்குழலால் எடுக்க வேண்டும். குழாயைத் தொடையில் ஒட்டி நிலைநிறுத்துங்கள். அன்றாடச் சுத்தத்துக்குச் சோப்பும் நீரும் போதும்.

கேனுலா செருகும் இடத்தின் தோலைக் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலால் தேய்த்து, முழுவதும் உலரவிட வேண்டும். உலர்ந்த பின் அந்த இடத்தை மீண்டும் விரலால் தடவிப் பார்த்தால் செய்த சுத்தம் வீணாகிவிடும். செருகிய நாளையும் நேரத்தையும் கட்டின் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் வலி, சிவப்பு, வீக்கம், நாளம் கயிறுபோல் தடித்தல், கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்; இருந்தால் உடனே அகற்றுங்கள். மருந்து செலுத்தும் ஒவ்வொரு முறையும் இணைப்பு முனையை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி தேய்த்து உலரவிட்ட பிறகே ஊசிக்குழலைப் பொருத்த வேண்டும். ஓர் ஊசிக்கும் ஓர் ஊசிக்குழலுக்கும் ஒரே நோயாளி, ஒரே முறை. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே குழலை இன்னொருவருக்குப் பயன்படுத்துவது இரத்தவழி நோய்களைப் பரப்பும்.

புண்ணுக்குக் கட்டு மாற்றுதல்

அறுவைக்குப் பின் போடப்பட்ட முதல் கட்டை, நனையாமலும் நழுவாமலும் இருந்தால், 48 மணி நேரம் வரை தொடாமல் விடுவது வழக்கம். மாற்ற வேண்டியபோது, வலி நீக்கி தேவையென்றால் முன்கூட்டியே கொடுத்து, அறையில் பெருக்கும் வேலையோ விரிப்பு மாற்றமோ நடக்காத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கை சுத்தம் செய்து, சாதாரணக் கையுறையோடு பழைய கட்டை எடுத்து, அதன் நிறம், மணம், கசிவின் அளவு ஆகியவற்றைக் கவனித்துக் கழிவில் இடுங்கள். கையுறையைக் கழற்றி மீண்டும் கை சுத்தம் செய்த பிறகுதான் கிருமியற்ற தட்டைத் திறக்க வேண்டும். புண்ணைத் தொடப்போகும் பஞ்சையும் கிடுக்கியின் நுனியையும் வேறெதுவும் தொடாமல் காப்பதே முழு நுட்பமும். உப்புநீரால், ஒரு பஞ்சுக்கு ஓர் இழுப்பு என்ற கணக்கில், சுத்தமான தையலில் புண்ணிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். பல நோயாளிகள் இருந்தால் சுத்தமான புண் முதலில், சீழ்ப் புண் கடைசியில்.

கூர்முனைகளும் இரத்தச் சிதறலும்

பயன்படுத்திய ஊசிக்கு மூடி மாட்டாதீர்கள், வளைக்காதீர்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். துளைபடாத பெட்டியைக் கட்டிலருகிலேயே கொண்டுபோய், பயன்படுத்தியவரே அதில் போட வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் பெட்டியை மூடிவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்; கண்ணில் தெறித்தால் நிறைய நீரால் அலசுங்கள். உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடிய விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு எச்ஐவியைவிடப் பல மடங்கு அதிகம். உலர்ந்த இரத்தத்திலும் அந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். 0, 1, 6 மாதம் என்ற மூன்று தவணைத் தடுப்பூசியைப் பணியில் சேரும்போதே முடித்துக்கொள்ளுங்கள். குத்தியதை மறைப்பவரைக் குறை சொல்வதைவிட, பயமின்றிச் சொல்லும் சூழலை மூத்தவர்கள் உருவாக்குவதே தேவை.

தரையில் இரத்தம் சிந்தினால், கையுறை அணிந்து உறிஞ்சும் தாளால் மூடி, 0.5 சதவீதக் குளோரின் கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு வழக்கம்போல் கழுவ வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் அந்த அளவு கிடைக்கும். 49 பங்கு சேர்த்தால் மேற்பரப்புகளுக்கான 0.1 சதவீதம். நாள்தோறும் புதிதாகக் கலக்கவும். அமிலத்தோடும் அமோனியாவோடும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு வெளிப்படும். கட்டில் கம்பி, அழைப்பு மணி, மேசை, கதவுப் பிடி ஆகிய கை படும் இடங்களுக்குத் தரையைவிட அதிகக் கவனம் தேவை.

கருவிகளைப் பொறுத்தவரை, கழுவாத கருவியைக் கிருமி நீக்க முடியாது. உறைந்த இரத்தத்தின் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். உடல் திசுவுக்குள் செல்பவை முழுக் கிருமி நீக்கம் (வித்துகள் உட்பட எல்லாவற்றையும் அழித்தல்) பெற வேண்டும். சளிச்சவ்வைத் தொடுபவைக்கு உயர்நிலைக் கிருமி நீக்கம் (சில வித்துகள் தவிர மற்றவற்றை அழித்தல்). நல்ல தோலைத் தொடுபவைக்குத் துடைப்பே போதும். ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தில், பொதிந்த கருவிகளுக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் வழக்கமான அளவு. ஈரமான பொதியைக் கிருமியற்றதாகக் கருதக் கூடாது. கொதிநீர் வித்துகளை நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை.

தொற்று வந்துவிட்டதை முன்கூட்டியே அறிதல்

எத்தனை கவனமாக இருந்தாலும் சிலருக்குத் தொற்று வரும். அது இரத்தத்தில் பரவி உறுப்புகளைப் பாதிக்கத் தொடங்கும் நிலையை விரைவில் கண்டுபிடிப்பவர், பெரும்பாலும் கட்டிலருகில் நிற்கும் செவிலியர்தான். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தத்தின் முதல் எண் (120/80 என்பதில் 120) 100 அல்லது அதற்குக் கீழ், திடீர்க் குழப்பம் அல்லது மந்தம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிலிட்டருக்குக் குறைந்தாலும், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனாலும், சொல்ல வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமல் இருக்கலாம். உணவை மறுப்பதும், நேற்று அடையாளம் கண்ட மகளை இன்று யாரென்று கேட்பதும்தான் முதல் அறிகுறியாக இருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எந்தக் கிருமி என்று அறியும் வளர்ப்புச் சோதனைக்கான இரத்தம் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆனால் அதற்காக மருந்தைத் தாமதிக்க வேண்டாம்.

மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது நோயாளி யார், இப்போது என்ன நிகழ்கிறது, எதற்காக அனுமதிக்கப்பட்டவர், அளவீடுகள் என்ன, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். பதிவேட்டில் "நலமாக உள்ளார்" என்ற ஒற்றை வரியால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னிடுப்பில் இரண்டு சென்டிமீட்டர் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, மாலை 4 மணிக்கு இடப்பக்கம் திருப்பப்பட்டார், கதீட்டருக்கு இது மூன்றாம் நாள், நாளை அகற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும் என எழுதினால், இரவுப் பணிக்கு வருபவர் கையைச் சுத்தம் செய்துகொண்டு நேராக 6 மணித் திருப்பலுக்கு அந்தக் கட்டிலுக்குப் போய்விடலாம்.